பத்துபஸ்தியில் வீட்டுத் தோட்டம்: மழை மாதங்களுக்கான குடும்ப முயற்சி

சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலின் நடுவே அமைந்துள்ளது தெற்கு அந்தமான் தீவு. இத்தீவின் சந்தைகளில் விற்பனையாகும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டைக்கோசும் பெரும்பாலும் சென்னையிலோ கொல்கத்தாவிலோ கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாட்கள் கடலில் பயணம் செய்து வந்து சேர்கின்றன. விரைவில் வாடும் காய்களும் கீரையும் பூச்சரங்களும் விமானத்தில் வருவதும் உண்டு. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் காய்கறி விலை உயர்கிறது. வந்து சேரும் சரக்கிலும் ஒரு பகுதி அழுகிப் போயிருப்பது இங்குள்ள இல்லத்தரசியருக்குப் பழகிப்போன செய்தியாகும்.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயர் நகரின் புறத்தே, கராச்சரமாவை ஒட்டி அமைந்த குடியிருப்பு பத்துபஸ்தி. ‘பஸ்தி’ என்னும் இந்திச் சொல்லுக்குக் குடியிருப்பு என்பதே பொருள். தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், இந்தி பேசுவோர் ஆகிய பலரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நகர்ப்புறச் சூழல் இது. இத்தகைய இடத்தில் வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலம் ஒரு குடும்பத்தின் உணவுக்கு எவ்வளவு உதவ முடியும், எந்த மாதங்களில் உதவ முடியும் என்பது ஆராயத்தக்கது. தாய்நிலத்தில் எழுதப்பட்ட தோட்டக்கலைக் கையேடுகள் இதற்குத் தரும் விடை இத்தீவுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

நிலம் விரிய வழியில்லை

அந்தமான் நிகோபார் யூனியன் பிரதேசத்தின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதன் மிகப் பெரும் பகுதி காடாகும். காட்டை அழித்து வேளாண் நிலமாக்கும் முறை 1949-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய காலம் தொட்டுச் சில பத்தாண்டுகள் நடைபெற்றது. இன்று அதற்கு இடமில்லை. 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, இத்தீவுகளில் மரம் வெட்டுதலையும் காட்டு நில ஆக்கிரமிப்பையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரைமட்டம் சுமார் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. சுனாமி நீர் வடிந்த பிறகும் சிப்பிகாட் போன்ற தாழ்வான பகுதிகளில் முன்பு நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் நிலையாகத் தங்கிவிட்டது.

ஆக, விளைநிலம் பெருகவில்லை. ஓரளவு குறைந்தே உள்ளது. மக்கள் தொகையோ 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581. இவர்களோடு ஆண்டுதோறும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் உணவு தேவைப்படுகிறது. புதிதாகப் பயிர் செய்யக்கூடிய நிலம் ஏதேனும் எஞ்சியிருக்குமானால் அது வீட்டு முற்றமும் கொல்லைப்புறமுமே எனலாம்.

கப்பலை நம்பியிருத்தல் எத்தகைய ஆபத்து என்பதை இத்தீவு ஒருமுறை மிகக் கசப்பாக அறிந்தது. 1942 மார்ச் முதல் 1945 வரை ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தபோது, போரின் காரணமாகக் கப்பல் வரத்து அருகிப் பெரும் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. கிழங்குப் பயிர்களே பலரது உயிரைக் காத்தன. அண்மைக் காலத்திலும் 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இரண்டு மாத காலம் உள்நாட்டுப் பயணி விமானங்கள் நிறுத்தப்பட்டன. அப்போது பஞ்சம் ஏதும் ஏற்படவில்லை. எனினும் கொல்லையில் ஒரு பசலைக் கொடி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு புலப்பட்டிருக்கும்.

எந்தப் பருவத்தில் தோட்டம்?

இவ்விடத்தில்தான் தாய்நிலக் கையேடு தடுமாறுகிறது. தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டத்தின் முதற்கவலை தண்ணீர். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். தெற்கு அந்தமானில் அது சுமார் 3,000 மில்லிமீட்டர். மே மாதத்தின் பிற்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் வருவதால் டிசம்பர் வரை மழை நீடிக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களே வறண்ட காலம்.

தீவின் உழவர்கள் மழைக்காலத்தில் நெல் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் வயல்களிலேயே காய்கறி விளைவிக்கின்றனர். எனவே உள்ளூர்க் காய்கறி சந்தைக்கு மிகுதியாக வருவது வறண்ட மாதங்களில்தான். ஜூன் முதல் நவம்பர் வரை திறந்த வயலில் காய்கறி அழுகிவிடுகிறது. கடலும் அப்போதுதான் கொந்தளிக்கிறது. விலை உயர்வும் தட்டுப்பாடும் அந்த மாதங்களுக்கே உரியவை.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. பத்துபஸ்தியில் ஒரு குடும்பம் பிப்ரவரி மாதத்தில் தக்காளியும் முள்ளங்கியும் விளைவித்து மகிழ்ந்தால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொருளையே அரிய குடிநீரைச் செலவிட்டு உண்டாக்குகிறது. அதே குடும்பம் ஆகஸ்டில் இரண்டு பிடி கீரை பறித்தால், அந்த மாதத்தில் எளிதில் கிடைக்காத ஒன்றைப் பெறுகிறது. வயல் ஓய்ந்திருக்கும் காலத்தில் கொல்லை விளைய வேண்டும். வீடு அருகில் இருப்பதும், கண்காணிக்க ஆள் இருப்பதும், பரப்பு சிறியதாக இருப்பதும் வயலுக்கு இல்லாத வசதிகள். பத்துச் சதுர மீட்டருக்கு மேல் கூரை அமைக்கலாம். பத்து ஏக்கருக்கு அமைக்க இயலாது.

நீரை வெளியேற்றும் கலை

மழைக்காலத் தோட்டத்தின் முதற்பணி விதைப்பு அன்று, வடிகால் அமைப்பது. சமதரையில் வெட்டிய பாத்தி ஜூன் மாதத்தில் குட்டையாகிவிடும். ஒரு மீட்டர் அகலமும் ஓர் அடிக்குக் குறையாத உயரமும் உள்ள மேட்டுப் பாத்திகளை அமைத்து, அவற்றுக்கிடையே ஓர் அடி ஆழ வாய்க்கால் விட வேண்டும். இங்குள்ள வீட்டு மனைகள் பல சரிவானவை. சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி அமைத்தால்தான் மண் அரித்துச் செல்லாது. நெடுக அமைத்தால் முதல் வாரத்திலேயே எருவும் விதையும் அடுத்த வீட்டாருக்குப் போய்ச் சேரும். பாத்தியின் ஓரங்களைப் பாக்கு மரத் துண்டுகளாலோ மூங்கிலாலோ தேங்காய் மட்டைகளாலோ கட்டலாம். நிலமே இல்லாத வீடுகளில், அடியில் துளையிட்ட கோணிப் பைகளும் உடைந்த வாளிகளும் பயன்படும்.

அடுத்ததாக வேண்டுவது மழைத்தடுப்புப் பந்தல். நான்கு மூங்கிற் கால்களின் மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பைச் சாய்வாகக் கட்டி, பக்கங்களைத் திறந்தே விட்டால் போதும். மழைத்துளி இலையை அடித்து மண்ணைத் தெறிக்கச் செய்வதைத் தடுப்பதே இதன் நோக்கம். நோய்கள் பலவும் அந்தத் தெறிப்பிலேயே இலைக்கு ஏறுகின்றன. நாற்றுகளும் தண்டுக்கீரையும் பந்தலின் கீழ் வளரலாம். விதைத்த 25 முதல் 30 நாட்களில் கீரை பறிப்புக்கு வந்துவிடும்.

பந்தல் இன்றியே மழையைத் தாங்குபவை சில உண்டு. இத்தீவில் பல வீடுகளின் வேலியில் படரும் கொடிப்பசலை அவற்றுள் முதன்மையானது. வங்காளியர் ‘புயி’ என்று அழைக்கும் இக்கீரையைத் தண்டுத் துண்டிலிருந்தே வளர்க்கலாம். ‘கல்மி’ எனப்படும் வள்ளைக்கீரைக்கு நீர் தேங்கும் இடமே உகந்தது. எனவே பாத்திகளுக்கு இடையேயுள்ள வாய்க்காலின் கடைக்கோடியை அதற்கு ஒதுக்கிவிடலாம். மூன்றாவது, ‘பர்மா தனியா’. நீண்ட, ஓரம் முள் போன்ற பற்களுடைய இலைகளைக் கொண்ட இச்செடி கொத்தமல்லியின் மணத்தை அதனினும் அழுத்தமாகத் தருவது. மர நிழலிலும் வளரும். நாம் அறிந்த கொத்தமல்லி அடைமழையில் அழுகிப்போகும் மாதங்களில் தமிழர் வீட்டு ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் இதுவே மணம் தருகிறது. பூங்காம்பு தோன்றியதும் கிள்ளிவிட்டால் இலைகள் முற்றாமல் தொடர்ந்து தழைக்கும். கராச்சரமாவில் இயங்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1978-இல் தொடங்கப்பட்டது முதல் இத்தகைய உள்ளூர்ச் செடிகளிலும் கவனம் செலுத்தி வருகிறது. பசலையிலும் பர்மா தனியாவிலும் தேர்ந்தெடுத்த வகைகளை அது வெளியிட்டுள்ளது. தொலைவிலிருந்து வந்த விதையைக் காட்டிலும் வேலியில் கிடக்கும் கொடி மேலானதாக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

காய்களில் வெண்டை, கொடிக் காராமணி, பாகல், பீர்க்கு, புடல் ஆகியவை நல்ல வடிகால் இருந்தால் மழையிலும் காய்க்கும். பழைய மீன்வலை கொடி ஏற உகந்த பந்தலாகும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தொடர்மழை நாட்களில் தேனீக்கள் பறப்பதில்லை; பூ நனைந்து மகரந்தம் கெடுகிறது; பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்கின்றன. இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்போர் உண்டு. தேவைப்படுவது மருந்தன்று, கையால் மகரந்தம் சேர்த்தலே. ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் சிறு பிஞ்சுடன் தோன்றும் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவ வேண்டும். பூசணியும் பாகலும் காலையில் மலர்கின்றன. பீர்க்கு மாலையில் மலர்கிறது. பள்ளிக்குச் செல்லுமுன் ஒன்று, திரும்பிய பின் ஒன்று எனச் சிறுவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தாவரவியல் பாடம் அமைவது அரிது.

மண்ணும் நோயும்

மிகுமழை மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் செல்வதால் இங்குள்ள மேட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அடுப்புச் சாம்பலும் பொடித்த முட்டை ஓடும் சிறிதளவு வேளாண் சுண்ணாம்பும் இதைச் சீர்படுத்தும். கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வந்து இடலாமே என்று தோன்றக்கூடும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவதால் அது குற்றமாகும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகிய மூன்றையும் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் இத்தீவின் பெரும் பகை. பச்சைப் பசேலென நின்ற செடி இரண்டு மூன்று நாட்களில் துவண்டுவிடும். அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்குவதைக் காணலாம். அதுவே நோயின் அடையாளம். நோயுற்ற செடியை வேரோடு நீக்கி, அதே இடத்தில் இம்மூன்றையும் மீண்டும் நடாமல் கீரையோ காராமணியோ பயிரிடுதல் நலம். வாடலைத் தாங்கும் கத்தரி வகையை மேற்கூறிய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டுள்ளது. சுண்டைச் செடியின் மேல் தக்காளியை ஒட்டுக் கட்டும் முறையும் பயன் தரும்.

நத்தை என்னும் குடியேறி

பூச்சிகளைவிடக் கொடியது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உணவுக்காகக் கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படும் இந்த உயிரி, போர் முடிந்து ஆட்சி மாறிய பின்னும் தீவை விட்டுச் செல்லவில்லை. பகலில் கற்களின் இடுக்கிலும் குப்பைக் குவியலிலும் மறைந்திருந்து, மழை இரவுகளில் வெளிவந்து நாற்றுகளை அடியோடு தின்றுவிடும். ஓர் ஈட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். வறண்ட மாதங்களில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்கிக் கிடக்கும். முதல் மழையில் எழுந்து வரும்.

இதனை ஒரு வீடு மட்டும் ஒழிக்க முடியாது. ஒரு வேலிக்கு இப்புறம் பொறுக்கியதை அப்புறம் மீண்டும் பெருக்கிவிடும். ஆகவே தோட்டம் ஒரு குடும்பத்தின் முயற்சியாக மட்டுமன்றி ஒரு தெருவின் முயற்சியாகவும் ஆகவேண்டிய இடம் இது. மாலையில் நனைத்த கோணிகளைப் பாத்தியோரம் விரித்து, பப்பாளி இலைகளையும் முட்டைக்கோசுக் கழிவையும் அதன் கீழ் இட்டுவைத்தால் நத்தைகள் அங்கே திரளும். விடியுமுன் அவற்றைத் திரட்டி உப்புக் கரைசலில் இட்டு, பின் புதைத்துவிடலாம். உப்பைப் பாத்தியில் தூவுவது மண்ணைக் கெடுக்கும். வெறுங்கையால் நத்தையைத் தொடலாகாது. மூளையுறையைத் தாக்கும் ஒருவகைப் புழு இந்த இனத்தில் வாழக்கூடியது என்பதால், கையுறையோ இடுக்கியோ வேண்டும். சிறுவர்களை ஈடுபடுத்தினால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பச்சையாக உண்ணும் இலைகளை நன்கு கழுவ வேண்டும். முதல் மழைக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் செய்யும் வேட்டையே ஆண்டு முழுவதற்கும் பயன் தருவது.

பூக்களின் இடம்

தமிழர் இல்லங்களில் காய்கறிக்கு நிகராகப் பூவும் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நகரின் வெற்றிமலை முருகன் கோயில் விழாக்களுக்கும் வீட்டுப் பூசைக்கும் மல்லிகைச் சரம் தொலைவிலிருந்து வர வேண்டியுள்ளது; விலையும் அதற்கேற்ப இருக்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப் பூ ஆகியவை மழை முழுவதும் பூத்துப் பூசைக்கு உதவும். கனகாம்பரம் ஓரளவு நிழலையும் பொறுக்கும். டிசம்பருக்குப் பின் நடும் துலுக்கச் செவ்வந்தி, பூவோடு மற்றொரு பயனையும் தருகிறது: அதன் வேர், மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்கிறது. பூச்செடிகள் தேனீக்களை அழைத்து வருவதால் கொடிக்காய்களும் நன்மை பெறுகின்றன. தேங்காய் மட்டையில் ஆர்க்கிட் வளர்க்க இத்தீவின் ஈரக்காற்று மிகவும் ஏற்றது. ஆனால் அச்செடியை நாற்றங்காலிலிருந்து வாங்க வேண்டும். காட்டிலிருந்து பெயர்த்து வருவது தகாது.

வறண்ட நான்கு மாதங்கள்

1973-இல் கட்டப்பட்ட தனிக்காரி அணையே நகரின் குடிநீருக்கு முதன்மை ஆதாரம். கோடையில் நீர் மட்டம் இறங்கும்போது குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாளும், சில ஆண்டுகளில் அதனினும் நீண்ட இடைவெளியிலும் வருகிறது. அந்த நீரைத் தோட்டத்துக்குச் செலவிடுதல் முறையன்று.

ஒரு சிறு கணக்கு இங்கே பயன்படும். 50 சதுர மீட்டர் கூரையின் மேல் ஆண்டில் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,50,000 லிட்டர் நீராகும். 20 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் வீதம் 120 வறண்ட நாட்களுக்குத் தேவைப்படுவது 9,600 லிட்டர் மட்டுமே. அதாவது கூரையில் விழுந்த மழையில் பதினைந்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. நீரை எங்கே தேக்குவது என்பதே கேள்வி. 200 லிட்டர் பீப்பாய்கள் நான்கு சேர்ந்தால் பத்து நாள் தேவைக்கே ஆகும். 10,000 லிட்டர் தொட்டி எல்லாக் குடும்பங்களின் ஆற்றலுக்கும் உட்பட்டதன்று. எனவே பெரும்பாலோர்க்கு உகந்த வழி, ஜனவரியில் பாத்திகளைக் கால் பங்காகச் சுருக்கி, தேங்காய் நாரும் இலைச் சருகும் கொண்டு மண்ணை மூடி, அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் மட்டும் ஊற்றிக் கறிவேப்பிலை, மிளகாய், பசலை ஆகிய சிலவற்றைக் காப்பதே. தேக்கிய நீரின் வாயைத் துணியாலோ வலையாலோ மூடாவிட்டால் அங்கே கொசு விளையும் என்பதையும் கூற வேண்டியுள்ளது.

எதிர்பார்க்கத்தக்கது எவ்வளவு?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராமுக்குக் குறையாமல் காய்கறி வேண்டும் என்பது உணவியல் வல்லுநர் கூறும் அளவு. ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு அது ஒன்றரைக் கிலோ. இத்தேவையை முழுதும் நிறைவேற்ற ஏறத்தாழ 200 சதுர மீட்டர் தோட்டம் வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பத்துபஸ்தி போன்ற புறநகரில் அவ்வளவு நிலம் உடைய வீடுகள் சில இருக்கலாம்; பெரும்பாலோர்க்கு இல்லை. ஆகவே சந்தையே வேண்டாம் என்னும் பேச்சு மிகையானது. ஆனால் தேவையில் கீரையின் பங்கு ஆளுக்கு 50 கிராம் எனக் கொண்டால், குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 250 கிராம்தான். பத்துச் சதுர மீட்டர் பரப்பே இதற்குப் போதுமானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கீரை மட்டுமே இதற்கு மருந்தாகிவிடாது. எனினும் கப்பலில் வாடி வரும் பொருள்களில் முதலில் கெடுவதும், வீட்டில் எளிதில் விளைவதும் அதுவே.

வீட்டுத் தோட்டத்தை அரசு ஊக்குவிப்பது புதிதன்று. 1960-களில் ஐ.நா. நிறுவனங்களின் உதவியுடன் நாட்டில் தொடங்கிய செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டத்திலேயே பள்ளித் தோட்டமும் வீட்டுத் தோட்டமும் இடம் பெற்றிருந்தன. இத்தகைய திட்டங்களில் விதைப்பொதி வழங்குவது எளிய பகுதி. எண்ணிக்கை காட்டவும் வசதியானது. இத்தீவில் அப்பொதியைவிட ஒரு பாலித்தீன் விரிப்பும், நான்கு மூங்கிலும், கூரை நீரைத் திருப்பும் ஒரு குழாயும் பயன் மிகுந்தவையாக இருக்கும்.

வேலைப் பகிர்வும் கருதத்தக்கது. குடும்பத் தோட்டம் என்று பெயரிட்டுவிட்டு, வாய்க்கால் தூர்த்தல் முதல் தண்ணீர் சுமத்தல் வரை அனைத்தையும் வீட்டுப் பெண்ணின் தலையிலேயே ஏற்றினால், சமையலும் பிள்ளைகளும் அலுவலகமும் போக எஞ்சிய நேரத்தில் அது நெடுநாள் நிலைக்காது. வடிகாலும் பந்தலும் உடல் உழைப்பு மிகுந்தவை; ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் அவற்றை முடித்துவிடலாம். நாற்றங்காலைப் பார்ப்பதும் விதை எடுத்து உலர்த்துவதும் முதியோரின் பொறுமைக்கு ஏற்றவை. ஈரக்காற்றில் விதை விரைவில் முளைப்புத் திறனை இழப்பதால், நன்கு உலர்ந்த விதையைச் சாம்பலுடன் கலந்து காற்றுப் புகாத புட்டியில் வைக்க வேண்டும்.

பருவமழை மே மாதத்தின் பிற்பாதியில் வந்துவிடுகிறது. விதை ஏப்ரல் இறுதிக்குள் கைக்கு வர வேண்டும். நாற்று மே முதல் வாரத்தில் பந்தலின் கீழ் முளைத்திருக்க வேண்டும். வாய்க்கால்கள் அதற்கு முன்பே வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் வந்து சேரும் விதைப்பொதி அந்த ஆண்டுக்கு உதவாது. அப்படித் தாமதமாகும் ஆண்டுகளில், அடுத்த வீட்டு வேலியிலிருந்து கேட்டு வாங்கிய ஒரு முழப் பசலைத் தண்டு, நட்ட சில வாரங்களில் முதல் பறிப்பைத் தந்துவிடும்.